ரீல் டேப் ரெக்கார்டர் மோட்டார் கோளாறுகள்: அறிகுறியைப் பார்த்துப் பழுதைப் பிடிப்பது

ஸ்டூடியோ ரீல் டேப் ரெக்கார்டரில் பெரும்பாலும் மூன்று மோட்டார்கள் இருக்கும். டேப்பை ஒரே சீரான வேகத்தில் இழுப்பது கேப்ஸ்டன் மோட்டார். டேப்பை விட்டுக்கொடுக்கும் சப்ளை ரீலுக்கு ஒன்று, அதைச் சுருட்டிக்கொள்ளும் டேக்-அப் ரீலுக்கு ஒன்று. இந்த மோட்டார்களின் காயில் எரிந்துபோவது அபூர்வம். "மோட்டார் போய்விட்டது" என்று ஓரங்கட்டிய மெஷின்களைத் திறந்து பார்த்தால் பெரும்பாலும் போயிருப்பது ஒரு கண்டென்சர், காய்ந்து கோந்தாகிவிட்ட எண்ணெய், விடாமல் பிடித்துக்கொண்ட பிரேக், இல்லையென்றால் மோட்டாரின் வேகத்தைச் சொல்லும் டேக்கோ சிக்னல். அதனால் கீழே உள்ள ஒவ்வொரு அறிகுறியிலும் மோட்டாரைச் சுற்றியிருப்பவற்றை முதலில் சோதிக்கிறோம். மோட்டாரைப் பிரிப்பது கடைசியில்தான். அவசரப்பட்டுப் பிரித்ததால் கெட்ட நல்ல மோட்டார்கள் ஏராளம்.

எடுத்துக்காட்டுக்கு ரெவாக்ஸ் ஏ77, பி77 போன்ற ஏசி மோட்டார் மெஷின்களையே அதிகம் சொல்கிறோம். ஏ77 1967இல் வந்தது, பி77 1977இல். இன்றும் புழக்கத்தில் அதிகம் இருப்பவை இவை. ஆம்பெக்ஸ், டெலிஃபங்கன், ஒட்டாரி மெஷின்களுக்கும் சோதிக்கும் வரிசை பொருந்தும். அளவுகளுக்கு மட்டும் அந்தந்த சர்வீஸ் மேனுவலைப் பாருங்கள்.

கை வைப்பதற்கு முன்

ஏசி மோட்டார் மெஷினில் கண்டென்சர், ரிலே, மைக்ரோ சுவிட்ச் எல்லாவற்றிலும் மெயின்ஸ் அளவு வோல்டேஜ் ஓடும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் சார்ஜ் தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டரை அதன் இரண்டு முனைக்கும் குறுக்கே ஐந்து நொடி வைத்து இறக்குங்கள். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்யும் பழக்கம் வேண்டாம். அந்தப் பொறி கண்டென்சரின் உள்ளே இருக்கும் மெல்லிய உலோகப் படலத்தைக் கெடுக்கும்.

வெளிநாட்டிலிருந்து வந்த மெஷினாக இருந்தால் வோல்டேஜ் செலக்டர் எதில் நிற்கிறது என்று பாருங்கள். பல வருடம் ஓடாமல் கிடந்த மெஷினை 100 வாட் குண்டு பல்பு போட்ட சீரிஸ் போர்டு வழியாக முதலில் ஏற்றுங்கள். பல்பு ஒரு கணம் எரிந்து மங்கினால் நல்லது. முழு வெளிச்சத்தில் நின்றுவிட்டால் எங்கோ ஷார்ட். ஒன்றை மறக்கக் கூடாது: சீரிஸ் பல்பு இருக்கும்போது மோட்டாருக்கு முழு வோல்டேஜ் போகாது. ரீல் மோட்டாரின் இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 10 சதவீதம் வோல்டேஜ் குறைந்தால் இழுவிசை 19 சதவீதம் குறையும். ஆகவே சீரிஸ் பல்பில் ஓடும்போது "மோட்டாருக்கு வலு இல்லை" என்று முடிவு கட்டாதீர்கள்.

ஏ77 வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று: பின்பக்க ரிமோட் சாக்கெட்டில் டம்மி பிளக் செருகியிருக்க வேண்டும். அது இல்லையென்றால் பிளே, ஃபாஸ்ட் வைண்ட் எதுவும் வேலை செய்யாது. கைமாறி வந்த மெஷின்களில் அந்தச் சின்ன பிளக் காணாமல் போயிருப்பது சாதாரணம்.

சுவிட்ச் போட்டதும் புகை, மூக்கைத் துளைக்கும் நாற்றம்

பயந்து மோட்டாரைக் கழற்ற வேண்டாம். சுவிட்ச், ரிலே முனைகளில் பொறியை அடக்கப் போட்டிருக்கும் சின்னப் பேப்பர் கண்டென்சர்தான் பெரும்பாலும் காரணம். மஞ்சள் கலந்த, உள்ளே தெரியும் பிளாஸ்டிக் உறையில் ரீஃபா என்று அச்சிட்டிருக்கும். அந்த உறையில் காலப்போக்கில் மயிரிழை வெடிப்பு விழும், அதன் வழியே ஈரம் உள்ளே போகும், மின்சாரம் ஏறியதும் வெந்து புகையும். லென்ஸ் வைத்துப் பார்த்தால் வெடிப்பு தெரியும். வெடிப்பு ஒன்றில் தெரிந்தாலும் மெஷினில் உள்ள அத்தனையையும் மாற்றிவிடுங்கள். அதே மைக்ரோ ஃபாரட் மதிப்பில், 275 வோல்ட் ஏசி, எக்ஸ்2 வகை ஃபிலிம் கண்டென்சர் போதும்.

உறையின் மேல் ஓம் மதிப்பும் அச்சிட்டிருந்தால் உள்ளே ரெசிஸ்டரும் சேர்ந்திருக்கிறது என்று பொருள். வெறும் கண்டென்சரைப் போட்டால் முனைகள் மூடும் கணத்தில் பெரிய கரண்ட் பாய்ந்து, ரிலே முனைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அந்த ரெசிஸ்டரையும் தொடரில் போடுங்கள்.

கேப்ஸ்டன் சுற்றவில்லை

முதல் கேள்வி: உறுமல் கேட்கிறதா?

சத்தமே இல்லையென்றால் மோட்டாருக்கு மின்சாரம் போகவில்லை. பல மெஷின்களில் டேப் இல்லாவிட்டால், டேப்பின் இறுக்கத்தோடு ஏறி இறங்கும் டென்ஷன் கைக்குக் கீழே உள்ள மைக்ரோ சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவைக்கும். அந்தக் கையை ரப்பர் பேண்ட் போட்டுத் தூக்கி நிறுத்திச் சோதியுங்கள். பிறகு ஃப்யூஸ், கனெக்டர், மோட்டார் முனையில் ஏசி வோல்டேஜ் என்று வரிசையாகப் போங்கள்.

உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுக் கேப்ஸ்டன் தண்டை விரலால் சுழற்றுங்கள். வழுக்கிக்கொண்டு சுற்றி, விட்ட பிறகும் சில சுற்று போனால் பேரிங் நன்றாக இருக்கிறது, கண்டென்சரைப் பிடியுங்கள். தேனில் கிண்டுவது போல் இழுத்தால் எண்ணெய் காய்ந்துவிட்டது.

கண்டென்சர் சோதனை: ஒரு முனையைக் கழற்றிவிட்டு மீட்டரில் அளந்து, உறையில் அச்சிட்ட மதிப்போடு ஒப்பிடுங்கள். 10 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தால் மாற்றலாம். மீட்டர் குறைந்த வோல்டேஜில் அளப்பதால் சில கெட்ட கண்டென்சர்கள் அதில் தப்பித்துவிடும். ஓடும் நிலையில் சோதிக்க வேண்டுமானால், கண்டென்சர் வழியே போகும் கரண்ட்டைக் கிளாம்ப் மீட்டரிலும், அதன் குறுக்கே உள்ள வோல்டேஜையும் அளந்து, 50 ஹெர்ட்ஸில் இப்படிக் கணக்கிடுங்கள்: மைக்ரோ ஃபாரட் = 3183 × ஆம்பியர் ÷ வோல்ட். 5 மைக்ரோ ஃபாரட் கண்டென்சரில் 230 வோல்ட் இருந்தால் 0.36 ஆம்பியர் ஓட வேண்டும். கிளாம்ப் மீட்டரில் இது சின்ன அளவு. கம்பியைப் பத்துச் சுற்று சுற்றி அளந்து பத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்.

மாற்றாக வாங்குவது மோட்டார் ரன் வகை ஃபிலிம் கண்டென்சராகவே இருக்க வேண்டும். 440 வோல்ட் ஏசி என்று அச்சிட்ட சீலிங் ஃபேன் கண்டென்சர் இதே வகைதான், 2.5, 3.15, 4 மைக்ரோ ஃபாரட் எந்த எலக்ட்ரிகல் கடையிலும் கிடைக்கும். இரண்டு 2.5ஐ இணையாகப் போட்டால் 5. மெயின்ஸ் 230தானே, 250 வோல்ட் கண்டென்சர் போதுமே என்று நினைக்க வேண்டாம்: காயிலும் கண்டென்சரும் தொடரில் இருக்கும்போது கண்டென்சரின் குறுக்கே மெயின்ஸைவிட அதிக வோல்டேஜ் எழும். 400 வோல்ட் ஏசிக்குக் குறையாமல் போடுங்கள். டிசி வோல்டேஜ் மட்டும் போட்ட கண்டென்சர் இந்த இடத்துக்கு ஆகாது. மதிப்பைக் கூட்டிப் போட்டால் வலு கூடும் என்ற எண்ணமும் தவறு. துணைக் காயிலில் கரண்ட் கூடி மோட்டார் சுடும், அதிர்வும் அதிகமாகும்.

காய்ந்த எண்ணெய் என்றால் மோட்டாரை வெளியே எடுத்தே ஆக வேண்டும். மேலிருந்து ஒரு சொட்டு விட்டுச் சமாளித்தால் சில நாள் ஓடும், பிறகு மீண்டும் இறுகும். பழைய கோந்து உள்ளேயே இருக்கிறதல்லவா. பிரிக்கும்போது வாஷர்களின் வரிசையை ஒவ்வொரு படியிலும் போட்டோ எடுங்கள். ஃபைபர் வாஷர், எஃகு வாஷர், ஸ்ப்ரிங் வாஷர் இடம் மாறினால் தண்டு மேலும் கீழும் ஆடும், இல்லையென்றால் இறுகும்.

பல கேப்ஸ்டன் மோட்டார்களில் இருப்பது சின்டர்டு வெண்கல புஷ், அதாவது தண்டு உள்ளே சுற்றும் குழல் வடிவ பேரிங். வெண்கலப் பொடியை அழுத்திச் சுட்டுச் செய்தது. கன அளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு நுண்துளை. எண்ணெய் அந்தத் துளைகளில்தான் தங்கியிருக்கிறது. தண்டையும் புஷ்ஷின் உட்புறத்தையும் ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த, நூல் உதிராத துணியால் துடையுங்கள். துணியில் கறை வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும். எமரி தாள், பிரஷ் எதுவும் புஷ்ஷுக்குள் போகக் கூடாது. துளைகளின் வாய் அடைந்துவிடும். ஆல்கஹால் முழுதும் ஆவியாக ஒரு மணி நேரம் விடுங்கள். பிறகு ஹேர் டிரையரால் புஷ்ஷை 60 டிகிரி அளவுக்குச் சூடாக்கி, எண்ணெயைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அது ஆறும்போது உள்ளே உறிஞ்ச விடுங்கள். இரண்டு மூன்று முறை செய்யுங்கள். சுற்றியுள்ள ஃபெல்ட் வளையத்தையும் அதே எண்ணெயில் ஊறவையுங்கள். மேலே மிஞ்சி நிற்பதைத் துடைத்துவிட வேண்டும். மிஞ்சிய எண்ணெய் தண்டில் ஏறி, டேப்பைத் தண்டோடு அழுத்தும் ரப்பர் உருளையான பிஞ்ச் ரோலருக்குப் போனால் டேப் வழுக்கும்.

எந்த எண்ணெய்? ரெவாக்ஸ், ஸ்டூடர் கேப்ஸ்டனுக்குப் பழகியது க்ளூபர் நிறுவனத்தின் ஐசோஃப்ளெக்ஸ் பிடிபி 65 என்ற செயற்கை எண்ணெய். தையல் மெஷின் எண்ணெய் தொடக்கத்தில் அருமையாக ஓடும். மெல்லியது என்பதால் சூட்டில் ஊர்ந்து வெளியேறி புஷ்ஷை வறட்டிவிடும். டபிள்யூடி-40இல் பெரும்பகுதி கரைப்பான்தான். மிச்சம் இருந்த நல்ல எண்ணெயையும் அது கழுவிவிடும்.

கேப்ஸ்டன் கட்டுப்பாடில்லாமல் முழு வேகத்தில் பறக்கிறது

இது சர்வோ, அதாவது வேகத்தை அளந்து தானே திருத்தும் சர்க்யூட், உள்ள மெஷினில் மட்டும் வரும். ஏ77 வகையில் ரோட்டரின் விளிம்பில் பற்கள் இருக்கும். பக்கத்தில் ஒரு சின்ன டேக்கோ ஹெட் அவற்றை எண்ணும். டேப் நொடிக்கு 19 செ.மீ. ஓடும் வேகத்தில் 1600 ஹெர்ட்ஸ், 9.5 செ.மீ.யில் 800 ஹெர்ட்ஸ் வர வேண்டும். இந்தச் சிக்னல் நின்றுவிட்டால் "மோட்டார் சுற்றவே இல்லை" என்று சர்க்யூட் நினைத்து முழு மின்சாரத்தையும் திறந்துவிடும்.

ஆகவே முதலில் டேக்கோ ஹெட்டின் காயில் தொடர்ச்சியை ஓம் மீட்டரில் பாருங்கள். ஹெட்டிலிருந்து வரும் மெல்லிய கம்பி சோல்டர் முனையில் அறுந்திருப்பது சகஜம். ஹெட்டுக்கும் ரோட்டருக்கும் நடுவே இடைவெளி மில்லிமீட்டரில் ஒரு சிறு பங்குதான். யாராவது மோட்டாரைக் கழற்றி மாட்டியிருந்தால் அது விலகியிருக்கும். உரசினால் சீறும் சத்தம் வரும். விலகினால் சிக்னல் மெலியும்.

டேக்கோ சிக்னல் நன்றாக இருந்தும் வேகம் அடங்கவில்லையென்றால் மோட்டார் கரண்ட்டைக் கட்டுப்படுத்தும் பவர் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகியிருக்கலாம். அந்த டிரான்சிஸ்டர் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபயருக்கு நடுவே நின்று மோட்டாரின் ஏசியைத் திறந்து மூடுகிறது; அதனால் பிரிட்ஜில் ஒரு டயோடு ஷார்ட் ஆனாலும் கட்டுப்பாடு கெடும். இரண்டையும் சேர்த்தே சோதியுங்கள்.

வேகம் நிலையாக இல்லாமல் திடீரென்று எகிறித் திரும்பினால் சர்வோ போர்டில் உள்ள திறந்த வகை டிரிம்மரை (வேகத்தை அமைக்கத் திருகும் சின்ன ரெசிஸ்டர்) சந்தேகியுங்கள். பேனா முனையால் லேசாகத் தட்டினாலே வேகம் மாறும். டிரிம்மரையும் அந்தப் போர்டின் எலக்ட்ரோலிட்டிக் கண்டென்சர்களையும் ஒரே மூச்சில் மாற்றிவிட்டு வேகத்தைப் புதிதாக அமைப்பது நல்லது.

சீராக ஓடுகிறது, ஆனால் சுருதி தாழ்வாக இருக்கிறது

எவ்வளவு தாழ்வு என்பதில் விடை இருக்கிறது. இரண்டரைக் கட்டையில் பாடியது ஒரு கட்டைக்குச் சற்றுக் கீழே கேட்டால் அது 60 ஹெர்ட்ஸ் மெயின்ஸுக்குச் செய்த மெஷின்; நம் மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ். அமெரிக்காவிலிருந்து வந்த ஆம்பெக்ஸ் 351 போன்ற மெஷின்களில் கேப்ஸ்டனை ஓட்டுவது ஹிஸ்டெரிசிஸ் சிங்க்ரனஸ் மோட்டார். அதன் வேகத்தை மெயின்ஸ் ஃப்ரீக்வன்ஸி மட்டுமே தீர்மானிக்கும். 50 ஹெர்ட்ஸில் 38.1 செ.மீ. வேகம் 31.75 ஆக இறங்கும். வோல்டேஜை இறக்கும் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து 117 வோல்ட் கொடுத்துவிட்டால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். வோல்டேஜ் சரியாகும், வேகம் ஆகாது. போதாக்குறைக்கு, அதே வோல்டேஜில் ஃப்ரீக்வன்ஸி குறைந்தால் இரும்பில் காந்தப் பாய்வு கூடி மோட்டார் கொதிக்கும். 50 ஹெர்ட்ஸில் ஓட்டியே ஆக வேண்டுமானால் 117ஐ 98 வோல்ட்டுக்கு இறக்க வேண்டும். நிரந்தரத் தீர்வு இரண்டு: 50 ஹெர்ட்ஸுக்கான தடித்த கேப்ஸ்டனும் அதற்குரிய கண்டென்சரும், அல்லது கேப்ஸ்டன் மோட்டாருக்கு மட்டும் 60 ஹெர்ட்ஸ் சைன் அலை தரும் தனி இன்வெர்டர். ஏ77 போன்ற சர்வோ மெஷினுக்கு இந்தத் தொல்லை இல்லை.

ஓரிரு சதவீதம் மட்டும் தாழ்ந்தால் மோட்டார் குற்றவாளியா என்று உறுதி செய்யுங்கள். பிளேயில் டேப் ஓடும்போது டேக்கோ 1600 ஹெர்ட்ஸ் சரியாகக் காட்டுகிறது, சுருதி மட்டும் தாழ்கிறது என்றால் டேப் வழுக்குகிறது: பிஞ்ச் ரோலர் ரப்பர் கெட்டியாகிவிட்டது, அழுத்தம் குறைந்தது, அல்லது சப்ளை பக்க இழுவை அதிகம். டேக்கோவே குறைந்து காட்டினால்தான் மோட்டார் பக்கம் திரும்ப வேண்டும்.

சுருதி நடுங்குகிறது

மெதுவான நடுக்கம் வாவ், வேகமான நடுக்கம் ஃப்ளட்டர். இவற்றுக்கு மீட்டர் காட்டும் ஒற்றை எண் குறை இருக்கிறதா என்றுதான் சொல்லும். எங்கே என்று சொல்லாது. ஏ77க்கு 19 செ.மீ.யில் 0.08 சதவீதம் என்பது தயாரிப்பாளர் தந்த எல்லை. எங்கே என்று கண்டுபிடிக்க நடுக்கத்தின் ஃப்ரீக்வன்ஸி வேண்டும். சுற்றும் ஒவ்வொரு பாகமும் தன் சுற்று வேகத்திலேயே நடுக்கத்தை உண்டாக்கும் என்பதால், ஃப்ரீக்வன்ஸி தெரிந்தால் பாகமும் தெரிந்துவிடும்.

3150 ஹெர்ட்ஸ் பதிந்த டெஸ்ட் டேப்பை ஓட்டி, ஒரு நிமிடம் கம்ப்யூட்டரில் பதியுங்கள். ஆடாசிட்டியில் ஸ்பெக்ட்ரம் படத்தை 65536 புள்ளி அளவில் எடுங்கள். 48,000 ஹெர்ட்ஸ் சாம்பிளில் இது 0.73 ஹெர்ட்ஸ் நுணுக்கம் தரும். நடுவில் 3150இல் உயர்ந்த கம்பம். இருபுறமும் சமதூரத்தில் குட்டிக் கம்பங்கள். நடுவிலிருந்து அவை எவ்வளவு தள்ளி நிற்கின்றனவோ, அதுவே நடுக்கத்தின் ஃப்ரீக்வன்ஸி.

இப்போது பாகங்களின் கணக்கு. டேப் வேகத்தைப் பாகத்தின் சுற்றளவால் வகுக்க வேண்டும். 38.1 செ.மீ. வேகத்தில், 8 மி.மீ. விட்டமுள்ள கேப்ஸ்டன் நொடிக்கு 15.2 சுற்று, 40 மி.மீ. பிஞ்ச் ரோலர் 3 சுற்று, பெரிய ரீலின் நடுவே உள்ள 114 மி.மீ. நாப் ஹப் டேப் காலியாகும் நேரத்தில் 1.06 சுற்று. 19 செ.மீ.யில் எல்லாம் பாதி. உங்கள் மெஷினின் விட்டங்களை வெர்னியரில் அளந்து இந்தப் பட்டியலைப் போட்டுக்கொள்ளுங்கள்.

3134.8, 3165.2 என்ற இடங்களில் கம்பம் நின்றால் மேலே சொன்ன கேப்ஸ்டன் தண்டு கோணலாக இருக்கிறது அல்லது புஷ் தேய்ந்திருக்கிறது. டயல் கேஜ் வைத்துத் தண்டின் ஆட்டத்தைப் பாருங்கள். 8 மி.மீ. தண்டில் மையம் 4 மைக்ரான் விலகினாலே வேகம் கூட்டியும் குறைத்தும் 0.1 சதவீதம் ஆடும். நுண்ணிய டயல் கேஜ் இல்லாமல் "நேராகத்தான் இருக்கிறது" என்று கண்ணால் சொல்ல முடியாது. தண்டை நிமிர்த்த முயல வேண்டாம். மாற்று ரோட்டர் தேடுவதுதான் வழி.

கம்பம் ரீல் வேகத்தில் இருந்து, டேப் ஓட ஓட இடம் மாறினால் அது சப்ளை அல்லது டேக்-அப் மோட்டார். சப்ளை ரீல் காலியாகக் காலியாக வேகம் கூடும், டேக்-அப் நிறைய நிறைய வேகம் குறையும். கம்பம் எந்தப் பக்கம் நகர்கிறது என்பதே எந்த மோட்டார் என்று காட்டிக்கொடுக்கும். உரசும் பிரேக் பட்டை, கரடான பேரிங், வளைந்த ரீல் ஆகியவற்றை இந்த வரிசையில் பாருங்கள். 100 ஹெர்ட்ஸ் தள்ளி நிற்கும் கம்பம் ஏசி மோட்டாரின் இழுவிசைத் துடிப்பு. கண்டென்சர் மதிப்பு விலகியதன் அடையாளம். கூர்மையான கம்பம் எதுவும் இல்லாமல் அடிப்பாகம் மட்டும் அகன்று படர்ந்தால் டேப் ஹெட்டில் உராய்வதால் வரும் நடுக்கம், மோட்டாரை விட்டுவிடுங்கள்.

டெஸ்ட் டேப் இல்லாமல் அதே மெஷினில் பதிந்து அதிலேயே ஓட்டினால் பதிவின் நடுக்கமும் ஒலிப்பின் நடுக்கமும் சில நேரம் கூடும், சில நேரம் ஒன்றையொன்று அழிக்கும். ஐந்தாறு முறை நிறுத்தி நிறுத்தி ஓட்டி, மிக மோசமானதைக் கணக்கில் எடுங்கள்.

ரீல் இழுக்கவில்லை, டேப் கொட்டுகிறது

இங்கே ஒரு எளிய பிரிப்பு பாதி வேலையை முடித்துவிடும். ஏசி ரீல் மோட்டாருக்கு ஃபாஸ்ட் வைண்டில் முழு வோல்டேஜும், பிளேயில் ரெசிஸ்டர் வழியே குறைந்த வோல்டேஜும் போகும். ஃபாஸ்ட் வைண்ட் நன்றாக இருந்து பிளேயில் மட்டும் சோர்ந்தால் மோட்டாரும் கண்டென்சரும் நல்லவை. பிளே வழியில் உள்ள ஒயர்வுண்ட் ரெசிஸ்டர், ரிலே முனை, ரீல் அளவு சுவிட்ச் இவற்றில் ஒன்று. இரண்டிலும் சோர்ந்தால் கண்டென்சர், பிரேக், மோட்டார் என்ற வரிசை.

இடது, வலது மோட்டார்கள் பெரும்பாலும் ஒரே வகை. அதைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள். இரண்டு கண்டென்சர்களையும் இடம் மாற்றுங்கள். கோளாறும் பக்கம் மாறினால் கண்டென்சர்தான். மாறாவிட்டால் இரண்டு மோட்டார்களின் காயில் ஓம்களையும் ஒப்பிடுங்கள். 10 சதவீதத்துக்கு மேல் வித்தியாசம் இருந்தால் குறைந்த ஓம் காட்டும் காயிலில் சுற்றுகளுக்குள் ஷார்ட் இருக்கலாம். ஒப்பிடும்போது இரண்டு மோட்டாரும் ஆறியிருக்க வேண்டும். சூடான செம்பு அதிக ஓம் காட்டும்.

கேப்ஸ்டன் மோட்டாரில் கண்டென்சர் போனால் கையால் தள்ளிவிட்ட திசையில் பல நேரம் ஓடத் தொடங்கும். ரீல் மோட்டாரில் இந்தச் சோதனையை நம்பாதீர்கள். அதன் ரோட்டர் தடை வேண்டுமென்றே அதிகமாக வைக்கப்பட்டது. கண்டென்சர் இல்லாமல் தள்ளினாலும் ஓடாமல் நின்றுவிடுவது அதற்கு இயல்பு.

பிரேக்கைச் சோதிக்க, மெஷினை அணைத்துவிட்டு பிரேக்கை விடுவிக்கும் மின்காந்தமான சொலினாய்டின் தண்டை விரலால் முழுதும் உள்ளே தள்ளிப் பிடித்து ரீலைச் சுற்றிப் பாருங்கள். சுதந்திரமாகச் சுற்றினால், சொலினாய்டு முழுதும் இழுக்காததுதான் குறை.

இழுவையை அளக்க ஸ்ப்ரிங் தராசு போதும். காலி ரீலின் ஹப்பில் நூலைச் சுற்றி, பிளேயில் போட்டு, நூலை மெதுவாக இழுக்கும்போதும் விடும்போதும் காட்டும் எடைகளின் சராசரியை எடுங்கள். கால் அங்குல டேப்புக்குப் பொதுவாக 60 முதல் 100 கிராம். டென்ஷன் சர்வோ இல்லாத மெஷினில் இழுவை ரீலின் ஆரத்தோடு மாறும்: 5.7 செ.மீ. ஆரமுள்ள நாப் ஹப்பில் 80 கிராம் என்றால், நிறைந்த பெரிய ரீலின் 13.3 செ.மீ. விளிம்பில் 34 கிராம். அதே அமைப்பில் 3 செ.மீ. ஆரமுள்ள சின்ன ஹப்பைப் போட்டால் 152 கிராம். மெல்லிய டேப் இதில் நீண்டுவிடும். ரீல் அளவு சுவிட்ச் இருப்பது இதற்காகத்தான். அது கெட்டிருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கரகர சத்தம்

ரீல் மோட்டாரைக் கையால் சுற்றும்போது விரல்நுனியில் மணல் போல் தட்டினால் பால் பேரிங் மாற்ற வேண்டியதுதான். பேரிங்கின் எண் அதன் மேலேயே அச்சிட்டிருக்கும்: 608 என்றால் 8 × 22 × 7 மி.மீ., 6000 என்றால் 10 × 26 × 8, 6200 என்றால் 10 × 30 × 9. இரும்பு மூடி போட்ட இசட் இசட் வகையை வாங்குங்கள். ரப்பர் மூடியுள்ள 2ஆர்எஸ் வகை தூசிக்கு நல்லது, ஆனால் ரப்பர் உதடு உரசி இழுவையைக் கூட்டும். அந்த உராய்வு டேப்பின் டென்ஷனில் நேராகத் தெரியும். கேப்ஸ்டனில் பால் பேரிங் இருந்தால் பி5 தரம் கேளுங்கள்.

அடித்து ஏற்றாதீர்கள். தண்டில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும், கூட்டில் இறக்கும்போது வெளிவளையத்தை மட்டும் அழுத்த வேண்டும். மாறி அழுத்தினால் குண்டுகள் வளையத்தில் பள்ளம் போட்டு, புதுப் பேரிங்கே கரகரக்கும். கூட்டை 80 டிகிரிக்குச் சூடாக்கினால் கைவிரல் அழுத்தத்தில் இறங்கிவிடும். மாட்டி முடித்ததும் ரீல் மேடையின் உயரத்தைப் பாருங்கள். உயரத்துக்காக வைக்கும் மெல்லிய வளையமான ஷிம் ஒன்று விட்டுப்போனாலும் டேப் ரீல் விளிம்பில் உரசும்.

மோட்டார் சுடுகிறது

ஹிஸ்டெரிசிஸ் மோட்டார் இயல்பிலேயே சூடாக ஓடும். வார்னிஷ் வாடை, நிறம் மாறிய காயில், அரை மணிக்குள் தொடவே முடியாத சூடு இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். காரணங்கள்: அதிக வோல்டேஜ், 60 ஹெர்ட்ஸ் மோட்டார், தவறான கண்டென்சர், இறுகிய பேரிங். வயர்களை எலக்ட்ரானிக்ஸிலிருந்து கழற்றிவிட்டு, இன்சுலேஷனை அளக்கும் 500 வோல்ட் மெகரில் காயிலுக்கும் உடலுக்கும் நடுவே அளந்து பாருங்கள். 1 மெகா ஓமுக்குக் கீழே போனால் மின்சாரம் கொடுக்காதீர்கள். ஈரத்தால் குறைந்திருக்கலாம் என்பதால் 60, 70 டிகிரி சூட்டில் ஒரு நாள் உலர்த்தி மறுபடி அளந்து பார்க்கலாம்.

டிசி மோட்டார் மெஷின்கள்

கார்பன் பிரஷ் உள்ள ரீல் மோட்டாரில் இழுவை விட்டு விட்டு வந்தால் பிரஷ்ஷின் நீளத்தையும் ஸ்ப்ரிங்கையும் பாருங்கள். கார்பன் தூளை வேக்குவம் கிளீனரால் இழுத்தெடுங்கள். ஊதினால் அது பேரிங்கிலும் ஹெட்டிலும் போய் உட்காரும்.

பிரஷ் இல்லாத மோட்டார் சில நேரம் கிளம்புகிறது, சில நேரம் ஒரே இடத்தில் நின்று நடுங்குகிறது என்றால் ரோட்டரைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி ஒவ்வொரு நிலையிலும் ஸ்டார்ட் கொடுங்கள். குறிப்பிட்ட நிலைகளில் மட்டும் கிளம்பாவிட்டால் ரோட்டரின் நிலையை உணரும் ஒரு ஹால் சென்சார் அல்லது ஒரு பேஸின் டிரைவர் போய்விட்டது. மூன்று பேஸ் காயில்களின் ஓம்களும் சமமாக இருந்தால் மோட்டார் நலம், பழுது போர்டில்.

ஆல்நிகோ காந்தம் உள்ள ரோட்டரைக் கூட்டிலிருந்து உருவாதீர்கள். சுற்றியிருந்த இரும்பு விலகியதும் காந்த பலம் குறைந்துவிடும். திரும்ப மாட்டினாலும் பழைய வலு வராது, மீண்டும் காந்தமேற்றக் கருவி வேண்டும்.

காயில் கட்டுவதாக முடிவானால்

உடலோடு ஷார்ட், அல்லது அறுந்த காயில் என்று உறுதியான பிறகு, அதே வகை மோட்டார் கிடைக்கவே இல்லையென்றால் மட்டும் காயில் கட்டக் கொடுங்கள். இரண்டு வேக மோட்டாரில் துருவ எண்ணிக்கை மாறும் வகையில் இணைப்பு இருக்கும்: 50 ஹெர்ட்ஸில் 4 துருவத்தில் 1500 சுற்று, 8 துருவத்தில் 750. வெளிவரும் ஒவ்வொரு வயரின் நிறத்தையும், எதற்கும் எதற்கும் நடுவே எத்தனை ஓம் என்பதையும் வரைந்து கையோடு கொடுத்துவிடுங்கள். சுற்று எண்ணிக்கையும் கம்பியின் கனமும் பழையதே வர வேண்டும். பழைய காயிலைத் தீ வைத்து எரித்து எடுக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். தகடுகளுக்கு நடுவே உள்ள இன்சுலேஷன் வெந்துபோனால் இரும்பே சுடத் தொடங்கும். ஃபேன் மோட்டாரில் தாங்கும் அந்த இழப்பு கேப்ஸ்டனில் தாங்காது. கட்டி வந்ததும் முதலில் மெகர், பிறகு சீரிஸ் பல்பு, பிறகு டேப் இல்லாமல் இரண்டு மணி நேர ஓட்டம். ஆறிய பிறகு கேப்ஸ்டன் தண்டை டீமேக்னடைசரால் காந்தம் நீக்கி, 3150 ஹெர்ட்ஸ் சோதனையை மறுபடி எடுத்து, பழைய ஸ்பெக்ட்ரம் படத்தின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.